ஆஷ்ரிட்ஜ் காட்டுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு ஏப்ரலிலும் நண்பர்களிடமிருந்து அதே கேள்விகள் வருகின்றன. புளூபெல் என்ற நீலக் காட்டுப்பூ வந்துவிட்டதா, ரயிலில் போகலாமா, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா, சேறாக இருக்குமா? பல வருடங்களாக எல்லாப் பருவத்திலும் இந்தக் காட்டில் நடந்து வருகிறேன். தனித்தனியாகப் பதில் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஆஷ்ரிட்ஜ் எங்கே இருக்கிறது? அங்கே என்ன இருக்கிறது?

லண்டனுக்கு வடமேற்கே, ஹார்ட்ஃபோர்ட்ஷரும் பக்கிங்ஹாம்ஷரும் சேரும் இடத்தில், சில்டர்ன் குன்றுகளின் மேல். சுமார் 5,000 ஏக்கர். எல்லாமே மரம் அல்ல. பீச், ஓக் மரக்காடுகள், நடுநடுவே புல்வெளி, வடக்கே மரமே இல்லாத சுண்ணாம்புக் குன்றுகள், அடிவாரத்தில் ஆல்ட்பரி போன்ற சின்ன ஊர்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. 1926இல் இந்த நிலமெல்லாம் விற்பனைக்கு வந்து, துண்டு துண்டாகப் போயிருக்க வேண்டியது. பிரிட்ஜெட் டால்பட் என்ற பெண்மணி முன்னின்று பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் வரைக்கும் ஆதரவு திரட்டினார், பணம் சேர்ந்தது, காடு தப்பியது.

இதைக் காடு என்று சொல்லலாமா?

யானையும் புலியும் உள்ள காட்டை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இங்கிலாந்தில் மனிதன் கை படாத காடு என்று அநேகமாக எதுவுமே கிடையாது. இது ஊர்க்காரர்கள் விறகு வெட்டி, பன்றி மேய்த்து, வேலி கட்டிப் பல நூற்றாண்டுகள் புழங்கிய காடு. அதில்தான் இதன் அழகு இருக்கிறது என்பேன்.

ஃப்ரித்ஸ்டன் என்ற ஊருக்கு மேலே உள்ள பழைய பீச் மரங்களைப் போய்ப் பாருங்கள். அடிமரம் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். தலைக்கு மேலே ஒரே இடத்திலிருந்து ஏழெட்டுப் பெரிய கிளைகள் கிளம்பி வானத்தைப் பார்த்துப் போகும். விறகுக்காக ஆள் உயரத்துக்கு மேலே வெட்டிவிட்டு, மறுபடி துளிர்க்கவிட்டு, சில வருடம் கழித்து மறுபடி வெட்டுவார்கள். தரையோடு வெட்டினால் துளிரை மாடும் மானும் தின்றுவிடும், அதனால்தான் அந்த உயரம். அப்படி வெட்டுவதை நிறுத்தி ரொம்ப காலம் ஆகிவிட்டது. கிளைகள் பாரம் தாங்காமல் முறிகின்றன. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தாமல் அப்படியே விட்டிருப்பார்கள். பராமரிப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். மட்கும் மரத்தில்தான் வண்டும் காளானும் வாழ்கின்றன.

இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் மரங்கள் நின்ற இடத்தைத்தான் தொல்காடு என்று கணக்கெடுக்கிறார்கள். ஆஷ்ரிட்ஜின் சில பகுதிகள் அந்தக் கணக்கில் வரும்.

புளூபெல் எப்போது பூக்கும்?

ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை. குளிர் நீண்ட வருடத்தில் கொஞ்சம் தள்ளிப் போகும். நான் போகச் சொல்வது ஏப்ரல் கடைசி வாரம். வார நாளில், காலையில் சீக்கிரம் போக முடிந்தால் இன்னும் நல்லது.

ஏன் இந்தக் குறுகிய காலம் மட்டும் என்று கேட்பார்கள். பீச் மரம் முழுதாக இலை விட்டுவிட்டால் அடியில் வெளிச்சமே இருக்காது. கோடையில் போய்ப் பாருங்கள், பீச் மரத்தடியில் சருகைத் தவிர ஒன்றும் இருக்காது. தலைக்கு மேலே கூரை மூடுவதற்குள், கிடைக்கிற சில வார வெயிலில், புளூபெல் இலை விட்டு, பூத்து, அடுத்த வருடத்துக்கான உணவைக் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். மே கடைசியில் இலை மஞ்சளாகிவிடும். ஜூலையில் போனால் இங்கே ஒரு பூ இருந்ததற்கான அடையாளமே தெரியாது.

முதல் தடவை பார்க்கும்போது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு பூவை முகர்ந்தால் லேசாகத்தான் மணக்கும். ஆயிரக்கணக்கில் சேர்ந்து நிற்கும்போது ஈரமண் வாசனையோடு கலந்து இனிப்பாக ஒரு மணம் வரும். நிறமும் அப்படித்தான். வெயிலில் ஊதாவாகத் தெரிவது, மேகம் மூடினால் நீலமாகிவிடும். படத்தில் அது சரியாக விழுவதே இல்லை. ஐந்து நிமிடம் போனை உள்ளே வைத்துவிட்டு நின்று பாருங்கள்.

உலகத்தில் உள்ள புளூபெல்லில் சுமார் பாதி பிரிட்டனில்தான் இருக்கிறது என்கிறார்கள். ஆங்கிலேயர்கள் இதை இவ்வளவு நேசிப்பதன் காரணம் அந்த இடத்தில் நின்றால் புரியும்.

பூவுக்கு நடுவே நின்று படம் எடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் கெஞ்சிக் கேட்கிற ஒரே விஷயம் இது.

புளூபெல்லின் பூவை ஒடித்தால் கூடச் செடி பிழைத்துக்கொள்ளும். இலையை மிதித்தால் பிழைப்பது கஷ்டம். நசுங்கிய இலையால் உணவு தயாரிக்க முடியாது, கிழங்கு இளைத்துவிடும், அடுத்த வருடம் பூக்காது, சில வருடத்தில் செடியே போய்விடும். விதையிலிருந்து முளைத்து முதல் பூ பூக்க ஐந்து வருடமாவது ஆகும். ஒரு குடும்பம் படத்துக்காக உள்ளே இறங்கினால் மிதிபட்ட கோடு ஒன்று தெரியும். அடுத்து வருகிறவர்கள் அதைப் பாதை என்று நினைத்து அதிலேயே நடப்பார்கள். மே மாதத்துக்குள் அது நிஜமாகவே பாதையாகிவிடும். இப்படி உருவான மண் திட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மறு வருடமும் அங்கே வெறும் மண்தான்.

பட்டுப்புடவை கட்டிக் குழந்தையோடு படம் எடுக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. பாதை வளையும் இடத்தில் நில்லுங்கள், படம் எடுப்பவர் எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து எடுக்கட்டும். பூக்கடலுக்கு நடுவே நிற்பது போலவே விழும்.

அப்புறம், கிழங்கைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றம். நில உரிமையாளர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச்செடியையும் வேரோடு பிடுங்குவதை 1981ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கட்டணம் உண்டா?

காட்டில் நடக்கக் கட்டணம் இல்லை. டாக்கி வுட் என்ற பகுதியில்தான் புளூபெல் அடர்த்தியாகப் பூக்கும். கூட்டம் அதிகமாகி மிதிபடுவதால், பூக்கும் நாட்களில் அங்கே மட்டும் நேஷனல் டிரஸ்ட் நுழைவுச்சீட்டு வைத்திருக்கிறது. போவதற்கு முன் அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

கார் இல்லாமல் எப்படிப் போவது?

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ட்ரிங் என்ற ஊருக்கு ரயில், சுமார் முக்கால் மணி நேரம். ஹாரோ பக்கம் இருப்பவர்கள் ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டனில் ஏறலாம், ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. ட்ரிங் நிலையம் ட்ரிங் ஊருக்குள் இல்லை, வெளியே வயல்களுக்கு நடுவே தனியாக இருக்கிறது. நடக்கிறவர்களுக்கு அதுவே வசதி. இறங்கிக் கிழக்கே ஒரு மைல் நடந்தால் ஆல்ட்பரி. குளம், அதில் வாத்து, குளத்தங்கரையில் அந்தக் காலத்தில் குற்றவாளிகளின் காலை மாட்டி வைத்த மரத்தொழு, பழைய தேவாலயம், இரண்டு பப். அங்கிருந்து காட்டுக்குள் செங்குத்தாக ஒரு ஏற்றம், மூச்சு வாங்கும். மேலே ஏறினால் பிரிட்ஜ்வாட்டர் நினைவுத் தூண். 1832இல் கட்டியது. இங்கிலாந்தின் கால்வாய் யுகத்தைத் தொடங்கி வைத்த மூன்றாம் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்காக எழுப்பினார்கள். திறந்திருக்கும் நாளில் 172 படி ஏறி உச்சிக்குப் போகலாம். பக்கத்திலேயே கழிப்பறையும் தேநீர்க்கடையும் உண்டு.

காரில் போனால் தூணுக்கு அருகிலேயே நிறுத்தலாம். புளூபெல் வார இறுதியில் காலையிலேயே இடம் நிரம்பிவிடும்.

அடுத்தவர் வயலுக்குள் பாதை போகிறதே, போகலாமா?

தாராளமாகப் போகலாம். நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் தயங்கித் திரும்பி வருகிறார்கள். நானும் முதல் தடவை ஒரு பண்ணைக் கதவின் முன் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பினேன். உள்ளே போனால் யாராவது திட்டுவார்கள் என்ற பயம்.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 1,40,000 மைல் பொதுப்பாதைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார் நிலத்தின் வழியேதான் போகும். நிலம் அவர்களுடையது, அந்தப் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருடையது. வேலிக்கம்பத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் கூட வரலாம். கதவு மூடியிருந்தால் திறந்து போய் மறுபடி மூடிவிடுங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். பாதையின் குறுக்கே பயிர் வைத்திருந்தாலும் நடந்து போக வழிவிட வேண்டியது விவசாயியின் கடமை. ஆனால் பாதையை விட்டு வயலுக்குள் பரந்து நடக்க உரிமை கிடையாது.

இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. ஆஷ்ரிட்ஜை ஒட்டிய பெர்காம்ஸ்டட் பொதுநிலத்தில் ஊர்மக்கள் காலங்காலமாக ஆடுமாடு மேய்த்தார்கள், விறகும் புதரும் வெட்டினார்கள். 1866 பிப்ரவரியில் ஆஷ்ரிட்ஜின் சொந்தக்காரரான பிரவுன்லோ பிரபு அதில் நானூறு ஏக்கருக்கு மேல் இரும்பு வேலி போட்டு வளைத்துவிட்டார். வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். அந்தப் பகுதியில் சொத்து வைத்திருந்த அகஸ்டஸ் ஸ்மித் என்பவர், அதற்கு முந்தைய வருடம்தான் தொடங்கியிருந்த பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆலோசனையோடு வேறு வழி பிடித்தார். மார்ச் 6 விடியும் முன், நள்ளிரவு தாண்டி, யூஸ்டனிலிருந்து ஒரு தனி ரயில் கிளம்பியது. அதில் லண்டனில் திரட்டிய சுமார் 120 கூலித்தொழிலாளர்கள். ட்ரிங்கில் இறங்கி, இருட்டில் நடந்து போய், விடிவதற்குள் இரண்டு மைல் வேலியையும் பிரித்து ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டார்கள். காலையில் ஊரே திரண்டு வந்து அந்த நிலத்தில் உலாவியது. பிரபு அத்துமீறல் என்று வழக்குப் போட்டார், ஸ்மித் எதிர்வழக்குப் போட்டார். 1870இல் நீதிமன்றம் ஸ்மித் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

மேலே சொன்ன ஃப்ரித்ஸ்டன் பீச் மரங்களின் கதையும் இதுதான். பொதுநிலத்தில் விறகெடுக்கும் உரிமை இருந்ததால்தான் அவை அந்த வடிவத்தில் நிற்கின்றன.

கூட்டமாகத் தமிழில் பேசிக்கொண்டு போனால் யாராவது ஏதாவது சொல்வார்களா?

இந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்கிறவர்கள் குறைவு, மனதில் வைத்திருப்பவர்கள் அதிகம். எனக்கு ஆஷ்ரிட்ஜில் யாரும் ஒரு தப்பான வார்த்தை சொன்னதில்லை. பப்பில் நுழையும்போது சில தலைகள் திரும்பியதுண்டு. அது எனக்கும் முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. ஒன்றைக் கவனித்தேன். லண்டன் தெருவில் முகம் பார்க்காமல் போகிற அதே ஆட்கள், காட்டுப்பாதையில் எதிரே வந்தால் ‘மார்னிங்’ என்று சொல்லாமல் போக மாட்டார்கள். அங்கே அது மரியாதை. நீங்களும் சொல்லுங்கள். நாய் வைத்திருப்பவரிடம் நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் பத்து நிமிடம் பேசுவார், வழியும் சொல்வார்.

சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவதுதான் எல்லோருக்கும் தொந்தரவு. பறவைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

என்ன மிருகங்கள் பார்க்கலாம்?

மான் நிச்சயம். ஃபாலோ என்ற வகை, கோடையில் முதுகில் வெள்ளைப் புள்ளி இருக்கும். நம் புள்ளிமான் என்றே நினைக்கத் தோன்றும், ஆண்மானின் கொம்பு மட்டும் கை விரித்தது போல் பட்டையாக இருக்கும். அக்டோபரில் ஆண்மான்கள் உறுமிக்கொண்டு சண்டை போடும், அப்போது தள்ளியே நில்லுங்கள். மாலையில் நாய் குரைப்பது போல் புதருக்குள் சத்தம் கேட்டால் அது மன்ட்ஜாக். நம் மலைக்காடுகளில் கேளையாடு என்கிறோமே, அதன் சீன உறவுக்காரன். தனவான்களின் பூங்காக்களுக்காகக் கொண்டுவந்து, தப்பித்து, இப்போது தெற்கு இங்கிலாந்து முழுக்கப் பரவிவிட்டது.

மேலே பாருங்கள். வால் இரண்டாகப் பிளந்த, செம்பழுப்பு நிறப் பெரிய பருந்து வட்டமிடும். ரெட் கைட். இங்கிலாந்தில் அடியோடு அழிந்து போயிருந்தது. 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இன்று அதைப் பார்க்காமல் திரும்புவதுதான் கடினம்.

கிளிஸ் என்ற சிறு பிராணி ஒன்று உண்டு. அணில் மாதிரி இருக்கும், இரவில்தான் வெளியே வரும், அதனால் நீங்கள் பார்ப்பது அபூர்வம். 1902இல் ட்ரிங்கில் வால்டர் ராத்சைல்ட் என்ற செல்வந்தர் வெளியே விட்ட சிலவற்றின் வம்சம்தான் இன்றைக்கும் இந்த வட்டாரத்தில் வீட்டுப் பரணில் ஓடி ஆட்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவர் சேர்த்த விலங்குகளின் அருங்காட்சியகம் ட்ரிங் ஊரில் இருக்கிறது. நுழைவு இலவசம். மழை நாளில் குழந்தைகளோடு போக அருமையான இடம்.

ஆபத்து ஏதாவது?

உண்ணிதான் கவனிக்க வேண்டியது. உயரமான புல்லிலும் பெரணியிலும் இருந்து ஒட்டிக்கொள்ளும், கசகசா அளவுதான் இருக்கும். சிலவற்றால் லைம் நோய் வரும். முழுக்கால் சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளின் தலை எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரத்துக்குள் அந்த இடத்தில் வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் போய் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். சீக்கிரம் போனால் மருந்தில் குணமாகும்.

மாடுகள் உள்ள வயலில் கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள். பாதையோரத்தில் காஞ்சொறி மாதிரி கடிக்கும் நெட்டில் செடி உண்டு, அரிப்பு கொஞ்ச நேரத்தில் போய்விடும். காளானைப் பறித்துச் சமைக்கவே வேண்டாம். உயிரைக் கொல்லும் வகையும் இந்தக் காடுகளில் முளைக்கிறது. ப்ளாக்பெரி பழம் ஆகஸ்ட், செப்டம்பரில் வேலியோரமெல்லாம் பழுக்கும், வீட்டுக்கு வேண்டிய அளவு பறித்துக்கொள்ளலாம்.

காற்று பலமாக அடிக்கும் நாளில் பழைய பீச் மரங்களுக்கு அடியில் உட்காராதீர்கள்.

என்ன செருப்பு, என்ன உடை?

நீர் புகாத பூட்ஸ். சுண்ணாம்புக்கு மேலே களிமண் படிந்த குன்று இது, மழை பெய்து மூன்று நாள் ஆனாலும் வழுக்கும். ஜூலையிலும் மழைச்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

குளிர்காலத்தில் போகலாமா?

போகலாம், ஆனால் மணியைப் பாருங்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்குள் அதற்கும் முன்னாலேயே இருட்டும். ஒரு நவம்பரில் மூன்றரை மணிக்கு இன்னும் ஒரு சுற்று என்று கிளம்பி, கைபேசியில் சிக்னலும் இல்லாமல், சருகு மூடிய தரையில் பாதை எது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் தடுமாறினேன். அன்றிலிருந்து ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற நில அளவை நிறுவனத்தின் ஆரஞ்சு அட்டை வரைபடம், எண் 181, பையை விட்டு இறங்குவதில்லை. பொதுப்பாதை ஒவ்வொன்றும் அதில் பச்சைப் புள்ளிக்கோடாக இருக்கும்.

எனக்குப் பிடித்த நேரம் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம். பீச் இலை செம்பு நிறமாகி, காடு முழுக்க உள்ளிருந்து விளக்குப் போட்டது போல் இருக்கும். புளூபெல் கூட்டத்தில் கால்வாசி கூட இருக்காது.

சாப்பாடு?

புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதை விட என்ன வேண்டும்? அடுப்பு, பார்பிக்யூ மட்டும் வேண்டாம், சருகு பற்றிக்கொள்ளும். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஆரஞ்சுத் தோல் உட்பட. பப்பில் சாப்பிடுவதானால் ஞாயிறு மதியத்துக்கு முன்கூட்டியே இடம் சொல்லி வையுங்கள். பல பப்களில் மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் எழுந்து போய்க் கவுன்டரில் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிப் போவது?

காலை ஒன்பதரைக்குள் ட்ரிங் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். ஆல்ட்பரி குளத்தைப் பார்த்துவிட்டு ஏறி, தூணடியில் ஒரு தேநீர். அங்கிருந்து காட்டு விளிம்பிலேயே வடக்கே நடந்தால் மரங்கள் முடிந்து திடீரென்று வானம் திறக்கும். எதிரே ஐவிங்ஹோ பீக்கன் என்ற குன்று, 233 மீட்டர் உயரம். ரிட்ஜ்வே என்ற 87 மைல் நெடும்பாதை முடியும் இடம் அதுதான். அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள், காற்று பலமாக அடிக்கும். பிறகு அந்த ரிட்ஜ்வே பாதையையே பிடித்துத் தெற்கே இறங்கினால் நிலையத்துக்கே பக்கத்தில் கொண்டுவந்து விடும். சுற்று முழுதும் எட்டு, ஒன்பது மைல் வரும். குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால் பீக்கனை விட்டுவிட்டுத் தூணைச் சுற்றி உள்ள சமதளத்திலேயே நடங்கள்.

ரயில் ஏறுவதற்கு முன் பூட்ஸை நன்றாகத் தட்டிவிடுங்கள். அந்த வெள்ளைச் சேறு இருக்கையில் பட்டால் லேசில் போகாது.